குலுக்காத பால்

என் தம்பியை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. பால் நிலையத்தில் கொழுப்புப் பார்ப்பது அவன் வேலை. பண்ணைகளிலிருந்து வரும் ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் பால் எடுத்து, கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் அமிலத்தோடு சேர்த்து, மெஷினில் வைத்துச் சுற்றுவான். சுற்றி நின்றதும் கொழுப்பு மட்டும் தனியாகப் பிரிந்து குழாயின் கழுத்தில் மஞ்சளாக ஏறி நிற்கும். எந்தக் கோடு வரை ஏறுகிறதோ அதுதான் அந்தப் பாலின் தரம். ஒரு சொட்டு கூட்டிப் போடக் கூடாதா என்று பால் கொண்டுவருகிறவர்கள் அவனோடு மல்லுக்கு நிற்பார்கள். இவன் அசைந்து கொடுக்க மாட்டான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அந்த வேலைக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. பால் சும்மா நின்றால் கொழுப்பு மேலே வந்துவிடும். அதனால் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். கலக்காமல் மேலாக எடுத்தால் மட்டமான பாலும் ஒஸ்தியாகத் தெரியும், அடியில் எடுத்தால் ஒஸ்தியான பாலும் தண்ணீராகத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவன் கேட்கும் முதல் கேள்வியே, "குலுக்கினியா?" என்பதுதான். வீட்டிலும் அதே பாட்டுதான். நான் வந்து தங்கியிருக்கும்போது இருமலுக்கு மருந்து குடிக்கப் போனால் பக்கத்து அறையிலிருந்து குரல் வரும்: "அக்கா, குலுக்கினியா?"

பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் என் தம்பிக்குக் கோபம் வரும். ஆனால் அவன் பயந்தாங்கொள்ளிதான். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். பாதி வழி போனவன் திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பான். அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். எங்கள் அப்பா ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது ஷூ கயிறு கட்டக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இதயத்துக்குப் போகிற குழாயில் கொழுப்பு அடைத்துவிட்டது என்றார்கள். அப்போது அப்பாவின் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் இவன்தான்.

வளர்ந்த பிறகு தானாகப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தான். அவனுக்கும் கொழுப்பு கூடுதல் என்று வந்தது. அன்றிலிருந்து முட்டை சாப்பிட உட்கார்ந்தால் மஞ்சள் கருவை நோண்டி எடுத்து என் தட்டில் போடுவான். "நான் மட்டும் சாகலாமாடா?" என்று கேட்பேன். "உனக்கு அம்மா ரத்தம் அக்கா, எனக்கு அப்பா ரத்தம்" என்பான். அதை அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. அப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தான்.

கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. அவன் மனைவி பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அதிர்ந்து பேசத் தெரியாதவள். எத்தனையோ ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்கிய பிறகு ஒரு வழியாக உண்டானாள். வீடே அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டது. ஏழாம் மாதம் முடியும்போது அவளுக்கு ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. கால் வீங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. இனிமேலும் வைத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று முப்பத்தோராவது வாரத்திலேயே அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும். தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. கன்னம் என்று ஒன்று இல்லவே இல்லை.

ஊரில் இருந்த என் தையல் கடையை இழுத்துச் சாத்திவிட்டு நான் அவர்கள் வீட்டோடு வந்துவிட்டேன்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பால் குடிக்கும் பக்குவம் வரவில்லை என்று நரம்பு வழியாகவே சத்து ஏற்றினார்கள். அதில் ஒரு ஊசிக்குழலில் வெள்ளை வெளேரென்று ஒன்று இருந்தது. அது கொழுப்பு மருந்து என்று நர்ஸ் சொன்னார். என் தம்பி அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தைப் பெற்றவர்களிடமே கொடுத்து, கீழே இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகச் சொல்வார்கள். ஒரு நாள் இவன் எடுத்துப் போனான், கூடவே நானும் போனேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் அதை வாங்கி மெஷினில் போட்டுச் சுற்றினாள். என் தம்பிக்குச் சுற்றுகிற மெஷின் புதிதா என்ன, அது நிற்கும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் சிவப்பு. மேலே தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பால் மாதிரி வெள்ளையாக நின்றது.

"சார், இதுல ஒரே கொழுப்பா இருக்கு. மத்த டெஸ்ட் எதுவும் இதுல சரியா வராது. டாக்டர்கிட்ட சொல்லிட்டு வேற எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

என் தம்பியின் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. வாழ்நாளெல்லாம் குழாயில் கொழுப்பு ஏறி நிற்பதைப் பார்த்தவன். ஏறினால் நல்ல பால் என்று எழுதிக் கொடுத்தவன். இப்போது தன் பிள்ளையின் ரத்தத்தில் அது ஏறி நிற்கிறது.

"அப்பா ரத்தம்க்கா" என்றான்.

டாக்டரம்மா பொறுமையானவர். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "பயப்படாதீங்க. மாசம் நிறையறதுக்கு முன்னாடி பிறந்த குழந்தைக்கு, நாம நரம்புல ஏத்துற கொழுப்பை உடைச்சு எரிக்கிற சக்தி இன்னும் முழுசா வந்திருக்காது. அதனால அது ரத்தத்துலயே தங்கிடுது. மருந்தைக் குறைச்சுடறோம். வாரம் ஏற ஏற தானா சரியாகும். இப்ப குடலும் கொஞ்சம் தேறியிருக்கு. குழாய் வழியா அம்மா பாலைக் கொடுக்க ஆரம்பிச்சு, மெல்ல இந்த மருந்தையே நிறுத்திடலாம்."

நானும் கேட்டேன், அவனும் கேட்டான். என் காதில் விழுந்தது, சரியாகிவிடும் என்பது. அவன் காதில் விழுந்தது, கொழுப்பு ரத்தத்தில் தங்கிவிடுகிறது என்பது. பயம் பிடித்தவனுக்குக் காதும் பாதி அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

குழந்தையின் அம்மாவுக்கு இன்னும் அழுத்தம் இறங்கவில்லை, தையலும் ஆறவில்லை. வீட்டில் படுத்திருக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் எடுத்துக் கொடுக்கும் பாலைக் காலையும் மாலையும் தம்பிதான் கொண்டுபோவான். அதற்கென்று நிலையத்திலிருந்து மாதிரி எடுத்துப் போகிற ஐஸ் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். குட்டிக் குட்டி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் நேரம் எழுதி ஒட்டியிருக்கும். ஃபிரிட்ஜில் அவற்றுக்கென்று ஒரு தட்டு. அந்தக் கதவை யாராவது கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்தால் போதும், வள்ளென்று விழுவான். பெட்டியில் அடுக்கும்போது சமையலறையில் யாரும் இருக்கக் கூடாது. முதுகைத் திருப்பிக்கொண்டு வெகு நேரம் நிற்பான். சுத்தம் பார்க்கிறான் என்று நினைத்து நானும் அந்தப் பக்கம் போவதில்லை.

மருந்தை நிறுத்தினார்கள். பால் ஏறியது. குழந்தையின் எடை ஏறவில்லை.

பெட்டியின் மேல் ஒரு சின்னப் பலகை. அதில் தினமும் காலையில் எடையை எழுதுவார்கள். ஒரு நாள் ஐந்து கிராம் கூடும். எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மறுநாள் பத்து கிராம் குறையும். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று மாடிப்படியிலேயே நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். கதவைத் திறந்ததும் அவள் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். பாலின் அளவைக் கூட்டினார்கள். அப்போதும் ஏறவில்லை. தொற்று இருக்கிறதா, தைராய்டு குறைவா என்று என்னென்னவோ பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றே வந்தது. ஒன்றும் இல்லை என்றால் ஏன் ஏறவில்லை?

அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். எது கொடுத்தாலும் சாப்பிட்டாள். வாந்தி வருகிற மாதிரி இருந்தாலும் மென்று விழுங்கினாள். பாலை எடுத்து முடித்ததும் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு நாள் தம்பி வேலைக்குக் கிளம்பும் நேரம் அவனை நிறுத்தினாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கவா?"

"என்ன?"

"ஊருக்கெல்லாம் பால் பாத்துச் சொல்றீங்க. என் பால் எப்படி இருக்கு? தண்ணியா இருக்கா? மறைக்காம சொல்லுங்க."

அவன் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். "நல்லாதான் இருக்கு."

"அப்புறம் ஏன் ஏற மாட்டேங்குது?"

"ஏறும். எல்லாம் ஏறும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டான். கதவை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. பூட்டாத கதவுதான் என்றாலும் இழுத்துப் பார்க்கிறவன் அவன். எனக்கு அது உறுத்தியது. அவள் என்னைப் பார்த்தாள். "பொய் சொல்றார் அண்ணி. என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றார்."

பிறகு டாக்டரம்மா எல்லோரையும் வரச் சொன்னார். அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். பிறந்த அன்று பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் அவள் குழந்தையைப் பார்க்கிறாள். பெட்டிக்குள் கையை விட்டு அதன் தொடையைத் தொட்டாள். தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது. கையை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

டாக்டரம்மாவின் அறை சின்னது. மூன்று நாற்காலி. தம்பி உட்காராமல் கதவோரம் நின்றான்.

"உங்க மேல குறை சொல்லல, அதை முதல்ல மனசுல வெச்சுக்குங்க" என்று அவளிடம் ஆரம்பித்தார் டாக்டரம்மா. "கடைசி ரெண்டு மாசத்துலதான் அம்மா வயித்துல குழந்தைக்குக் கொழுப்பு சேரும். தோலுக்கு அடியில, கன்னத்துல, தொடையில எல்லாம். அது உடம்புச் சூட்டுக்கும் வேணும், மூளை வளரவும் வேணும். உங்க குழந்தை அந்த ரெண்டு மாசம் கிடைக்காம வந்துடுச்சு. அந்தக் கொழுப்பை இப்ப நாம பால் வழியாத்தான் கொடுக்கணும். பால் போதுமான அளவு போகுது. ஆனா ஏறல. சில பேர் பால்ல கொழுப்பு குறைவா இருக்கலாம். அதனால உங்க பாலை நிறுத்திட்டு, குறை மாசக் குழந்தைக்குன்னே இருக்கிற பவுடர் பாலுக்கு மாத்திப் பாக்கலாம்னு நினைக்கிறேன்."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. மடியில் பையை வைத்திருந்தாள். பால் எடுக்கிற பம்ப் அதற்குள் இருந்தது. அதன் ஜிப்பை மெல்ல மூடினாள். இனி வேண்டியதில்லை என்பது போல அதைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"டாக்டர்" என்றான் என் தம்பி. குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "அவ பால்ல ஒரு குறையும் இல்ல. நான்தான் எடுத்துட்டேன்."

"எதை எடுத்தீங்க?"

"மேல நிக்குற கொழுப்பை. ராத்திரி வெச்சா காலையில தனியா வந்து நிக்கும். பைப்பெட் வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு மீதியைக் கொண்டுவந்தேன். எல்லா பாட்டில்லயும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு?"

"ரத்தத்துல கொழுப்புன்னு சொன்னீங்க. குழாய்ல என் கண்ணாலயே பாத்தேன். எங்கப்பா... எனக்கும் இருக்கு. என்கிட்டேர்ந்துதான் அதுக்கு வந்திருக்குன்னு..." நாற்பது வயது ஆள் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். ஆனால் அவளைப் பார்த்ததும் என் கை இறங்கிவிட்டது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை.

"உங்ககிட்டதானே கேட்டேன்" என்றாள். "உங்ககிட்ட வந்துதானே கேட்டேன்."

டாக்டரம்மா அவனை உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ரத்தத்துல நேரா ஏத்துற கொழுப்பு வேற, வயித்துக்குப் போற அம்மா பால் வேற. உங்க அப்பா வியாதிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உங்க குழந்தைக்கு இருக்கிறது உங்க ரத்தக் குறை இல்ல, வாரக் குறை" என்றார். பிறகு அவளிடம், "பவுடர் வேண்டாம். உங்க பாலையே முழுசாக் கொடுப்போம். கொழுப்பு தங்குதான்னு ரத்தத்தையும் பாத்துக்குவோம்" என்றார். அவள் குனிந்து பையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஃபிரீசரின் அடியில் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தான். உள்ளே வரிசையாக அவனுடைய வேலைக் குழாய்கள், மூடி போட்டு, ஒவ்வொன்றிலும் விரல் கனத்துக்கு மஞ்சள். தூக்கி எறிய மனசு வரவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். அப்படி எடுத்து வைத்ததைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, கொட்டிவிடுங்கள் என்றார்கள். நான் கொட்டப் போனேன். "அவரே கொட்டட்டும் அண்ணி" என்றாள் அவள். ஒவ்வொன்றாக உருகும்வரை உள்ளங்கையில் பிடித்திருந்து அவன்தான் தொட்டியில் ஊற்றினான். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிக் குழாய் வரை பார்த்தாள்.

அதற்குப் பிறகு பாட்டிலை அவன் தொட அவள் விடவில்லை. தையல் வலிக்க வலிக்க ஆட்டோவில் அவளே போய் வந்தாள். ஐஸ் பெட்டி அவள் மடியில். இவன் பின்னால் வண்டியில் வருவான், வாசலோடு நின்றுகொள்வான். வீட்டில் இருவருக்கும் பேச்சு, சாப்பாடு இருக்கிறது, மருந்து வாங்க வேண்டும் என்ற அளவில்தான். நான் நடுவில் கிடந்து திண்டாடினேன்.

எடை ஏறியது. முதல் நாள் ஏறியதை நாங்கள் யாரும் நம்பவில்லை. மறுநாளும் ஏறியது. இத்தனை நாளாகப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பயந்த பழக்கத்தில், ஏறும்போதும் பயமாகவே இருந்தது. என் தம்பிக்குப் பயம் இரண்டு மடங்கு. ஏறாவிட்டால் தான் செய்தது மாறாத கேடாகிவிட்டதோ என்ற பயம். ஏறினால் அந்தக் கொழுப்பெல்லாம் மறுபடி ரத்தத்தில் போய் நிற்குமோ என்ற பயம். இதை அவளிடம் சொல்ல முடியாமல் என்னிடம் சொன்னான். நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். திட்டிவிட்டு நானும் பயந்தேன்.

பிறக்க வேண்டிய தேதி நெருங்கியபோது மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் வழக்கம்போலக் குழாயை நீட்டினார். அவள் அதை வாங்கி, வெளியே நின்றவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

நானும் அவனோடு போனேன். ஆய்வுக்கூட ஜன்னலில் அதே பெண். மெஷின் சுற்றி நின்றது. குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். என் தம்பி பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் பார்த்தேன். அடியில் சிவப்பு, மேலே தெளிவான மஞ்சள். அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணின் விரல் அதன் வழியே தெரிந்தது.

"டேய், திரும்பிப் பாருடா" என்றேன். திரும்பினான். அந்தக் குழாயையே வெகு நேரம் பார்த்தான். பிறகு ஜன்னல் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டான். வரிசையில் பின்னால் நின்றவர்கள், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆயிற்று. கன்னம் வந்துவிட்டது, தொடையில் ஒரு மடிப்பும் விழுந்துவிட்டது. நேரடியாகக் குடிக்கக் கற்றுக்கொண்டாலும், இன்னும் தேறும்வரை எடுத்து வைத்த பாலும் பாட்டிலில் கொஞ்சம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் ஊருக்குக் கிளம்பத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை பசிக்கு வீறிட்டது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஒரு பாட்டிலை எடுத்தாள். மேலே ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு திரண்டு நின்றது. என்னிடம் நீட்டுவாள் என்று நான் எழுந்தேன்.

அவள் அவனிடம் நீட்டினாள்.

அவன் உடனே வாங்கவில்லை. இரண்டு கையையும் சட்டையில் துடைத்தான். வாங்கினான். வெந்நீரில் வைத்து எடுத்து, அப்படியே திகைத்து நின்றான். குழந்தை வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது.

"என்ன பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள் அவள். "குலுக்குங்க."

குலுக்கினான். அவள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய கோடாக இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி அவனிடமே கொடுத்தாள்.

"இன்னும் குலுக்குங்க. அது அவளோடது."